திரிகால மெயில்

காலை ஐந்தரைக்கு அலாரம். பால்காரர்கூட இன்னும் வரவில்லை. நம்ம டாக்டர் எழுந்து முகம் கழுவாமலே லேப்டாப்பைத் திறக்கிறார். கொரியாவில் அப்போது மணி ஒன்பது. பேராசிரியர் காபியோடு வந்து உட்காரும்போது இவர் மெயில் எல்லாவற்றுக்கும் மேலே கிடக்க வேண்டுமாம். நண்பகல் பன்னிரண்டுக்கு ஜெர்மனி. அங்கே எட்டரை. (இது கோடைக் கணக்கு, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.) மாலை ஆறரைக்கு அம்மா விளக்கேற்றும்போது பாஸ்டனில் பொழுது விடிந்து ஒன்பது. கோயில் குருக்கள்கூட ஒரு நாள் அசந்துவிடலாம். பிஎச்.டி. முடித்து போஸ்ட்டாக் ஆய்வு வேலை தேடுகிறவருக்கு மூன்று கால பூஜை தவறாது.

வயது என்ன என்று கேட்டால் "ரெண்டு வருஷம் ஏழு மாசம்" என்பார். பட்டம் வாங்கிய நாள்தான் அவருக்குப் பிறந்தநாள். ஜெர்மனியின் ஹம்போல்ட் போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு அதிலிருந்து 4 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ்.ஸுக்கு 6. தாய் பெற்ற வயதை அவருக்கு நினைவுபடுத்துவது இரண்டே பேர்: 35-க்குள் இருக்கிறாயா என்று கேட்கும் நம் நாட்டு தேசிய போஸ்ட்டாக் திட்டமும், பெண் பார்க்கும் அம்மாவும்.

ஆய்வு என்ன? கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்கினார். இப்படிச் சொன்னால் கோபம் வரும். கோபத்தில் நியாயமும் உண்டு. அந்தக் கரிக்குள் அத்தனை நுண்துளைகள். ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும், அதாவது நாலு கிரவுண்டுக்கு மேல். இதை அப்பாவிடம் விளக்கியபோது, "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டாராம்.

பேட்டரி பேராசிரியருக்கு எழுதினால் அந்தக் கரி சூப்பர்கெபாசிட்டர். தண்ணீர் ஆய்வகத்துக்குச் சாயக்கழிவை உறிஞ்சும் வடிகட்டி. பருவநிலைக்காரருக்குக் கரியமில வாயுவைப் பிடிக்கும் வலை. ஒன்றும் பொய்யில்லை, மூன்றையும் அது செய்யும். பெயரை மாற்றுவதில்தான் கைதவறும். ஒருநாள் பேராசிரியர் பார்க்குக்குப் போன மெயில் "அன்புள்ள கிம்" என்று ஆரம்பித்தது. நான் பதறினேன், அவர் பதறவில்லை. "அங்க கிட்டத்தட்ட பாதிப் பேர் கிம், லீ, பார்க்தாங்க. மூணுல ஒண்ணு எப்படியும் சரியா விழும்."

ஆகஸ்டில் ஒருநாள் "ஜெர்மனியிலேர்ந்து பதில்!" என்று மாடிப்படியில் கத்திக்கொண்டே இறங்கினார். விடுமுறையில் இருப்பதாகவும் 28-ஆம் தேதி திரும்புவதாகவும் பேராசிரியரின் கணினி தானாக அனுப்பியது அது. தேதியெல்லாம் போட்டு எவ்வளவு மரியாதை என்றார். இரண்டு நிமிடத்தில் பதில் போட்டவர் இதுவரை அவர் ஒருவர்தான்.

கடைசியில் ஒரு நிஜ மனிதர் நிஜமாகவே எழுதி, பரிந்துரைக் கடிதம் கேட்டார். நம்மவர் கைடிடம் ஓடினார். "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்" என்றார் சார். தன்னைத் தானே புகழ்வது லேசில்லை. இரண்டு இரவு தூங்கவில்லை, அந்த இரண்டு நாளும் கொரியாவுக்குப் பூஜை நின்றது. எழுதியதை சார் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். 'என்னிடம் ஆய்வு செய்தவர்களில் தலைசிறந்த ஐவரில் ஒருவர்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"ஏம்ப்பா, எங்கிட்ட மொத்தமே ஆறு பேர்தானே முடிச்சிருக்கீங்க?"