தொலைக்காட்சிப் பெட்டிகளில் கருமை: நோக்கும் போக்கும்

இவ்வாய்வு என்னுதலிற்றோ எனின், பதினோரு ஆண்டுகள் உழைத்த எங்கள் வீட்டு டிவி ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ஏழரை மணித் தொடரின் நடுவே, பாதித் திரை நீலமாகி உயிர்நீத்தமையின், அடுத்து எவ்வகைப் பெட்டி கொள்வது என ஆராய்தல் நுதலிற்று. நோக்கம், கருதுகோள், எல்லை, பயன் என்று முன்பக்கத்தில் நாலு தலைப்பு போட்டுவிட்டால் நடுவில் எதை வேண்டுமானாலும் இட்டு நிரப்பலாம் என்பது நம் பல்கலைக்கழகங்கள் நெடுநாள் பட்டு அறிந்த உண்மை. ஆகவே அவற்றை முதலில் தீர்த்துவிடுகிறேன். நோக்கம்: டிவி. கருதுகோள்: ஆடித் தள்ளுபடி. எல்லை: ஷோகேஸில் ஆசாரி விட்டுப்போன 39 அங்குல இடைவெளி. பயன்: அம்மாவுக்கு.

முன்னாய்வுகள் பெரும்பாலும் வாய்மொழி மரபின. எல்.சி.டி. வாங்காதே, எல்.இ.டி. வாங்கு என்பது ஒரு கட்சி (மாடி வீட்டு மாமா, படிக்கட்டு, பால் வாங்கும் நேரம்). இரண்டும் வேண்டாம், கியூ.எல்.இ.டி.தான் என்பது மறு கட்சி (சித்தப்பா, குடும்ப வாட்ஸ்அப் குழு, பலமுறை பார்வர்ட் செய்யப்பட்டது, மூலப்பிரதி கிடைக்கவில்லை). இவ்விருவரும் ஒருவர் சொன்னதை ஒருவர் கேளாமலே மறுத்திருப்பது, இத்துறை முழு வளர்ச்சி அடைந்துவிட்டதைக் காட்டுகிறது.

இனிப் பகுப்பு. குழாய் டிவி என்பது 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலந்தொட்டு நாம் அறிந்தது. அதன் மேல் பூனை தூங்கும். இன்றைய டிவி எதன் மேலும் பூனை தூங்க இயலாது. இக்குறை எந்த ஒப்பீட்டிலும் பேசப்படவில்லை.

பிளாஸ்மா: 1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, 2014 வாக்கில் காலமானது.

எல்.சி.டி.யின் ஊற்று காரட். நகைக்க வேண்டாம். 1888-இல் பிராகா நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் காரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலானது, 178.5 டிகிரியில் மறுபடி உருகித் தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு முறை உருகுகிறதே என்று அவர் திகைத்ததுதான் திரவப் படிகத்தின் தொடக்கம். அது ஊட்டிக் காரட்டா, நாட்டுக் காரட்டா என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் குறிக்காமல் விட்டது மன்னிக்க முடியாதது.

திரவப் படிகத்துக்குச் சொந்த ஒளி இல்லை. பின்னால் விளக்கு எரிய, முன்னால் இது கதவு போலத் திறந்து மூடுகிறது. அந்த விளக்கு முன்பு மெல்லிய குழல்விளக்காக இருந்தது, இப்போது எல்.இ.டி. அவ்வளவே. அதாவது கடையில் எல்.இ.டி. டிவி என்று விற்பது எல்.சி.டி. டிவியேதான். வேட்டி மாற்றிக்கொண்டு வந்தவரை வேறு ஆள் என்று உபசரித்த மாடி மாமாவின் கட்சி இதனால் விழுந்தது. சித்தப்பாவின் கியூ.எல்.இ.டி.யும் அதே ஆள்தான். நடுவே குவாண்டம் புள்ளிகள் பூசிய ஒரு படலம் இருப்பதால் நிறம் எடுப்பாக வரும். அந்தப் புள்ளிகளுக்கு 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சித்தப்பா அதைத் தமக்கே கிடைத்ததாகக் கருதுகிறார் (மேற்படி குழு, தீபாவளிப் பதிப்பு, திருத்தியவர் சித்தி, திருத்தத்தை நீக்கியவர் சித்தப்பா).

ஓ.எல்.இ.டி. மட்டும் வேறு குலம். ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். 4கே திரையில் அப்படி 82,94,400 புள்ளிகள். கருப்பு வேண்டிய இடத்தில் அவை அறவே அணைந்துவிடுகின்றன. இவ்விடத்தில்தான் ஆய்வு கனம் கொள்கிறது. எல்.சி.டி.யின் கதவு எவ்வளவு மூடினாலும் இடுக்கில் ஒளி கசியும். நள்ளிரவுக் காட்சியும் விடிய இன்னும் அரை மணி இருப்பது போலத்தான் தெரியும். கசிவைத் தடுக்க, பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் வித்தை உண்டு. அதில் இருட்டில் வரும் வெள்ளை எழுத்தைச் சுற்றி, காலண்டர் சாமி தலைக்குப் பின்னால் இருப்பது போல ஓர் ஒளிவட்டம் எழும்.

இத்திரைகளில் இருப்பது கருப்பா, கறுப்பா? வல்லின றகரம் இட்ட கறுப்பே நிறம், இடையின ரகரம் இட்டால் பஞ்சம் என்பது ஒரு சாரார் கொள்கை. பழைய அகராதிகளில் கருப்பு என்பதற்குப் பஞ்சம் என்றும் பொருள் இருப்பது உண்மையே. கருமை, கரி, கருவிழி எல்லாம் இடையினமாக இருக்க இது மட்டும் எப்படி வல்லினமாகும் என்று மறு சாரார் கேட்கிறார்கள். கருப்பஞ்சாறு கரும்பிலிருந்து வருகிறதே என்று மூன்றாமவர் எழுந்தால் கூட்டம் கலைந்துவிடும். இந்த ஓர் எழுத்தால் பேச்சு அற்று, தேநீர் மேசை மாறி உட்காரும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். இருவர் கேள்வியும் என் டிவியால் இன்று தீர்கிறது. ஓ.எல்.இ.டி.யில் தெரிவது கறுப்பு. எல்.சி.டி.யில் தெரிவது கருப்பு, அதாவது கருமைக்கு வந்த பஞ்சம்.

இதற்கு மேலும் ஒரு சான்று. தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்னும் சொற்களுக்கு வெகுளியை முதலில் சொல்லி, நிறத்தைப் பிறகுதான் சொல்கிறார். ஓ.எல்.இ.டி.யின் விலையட்டையை என் மனைவி படித்தபோது இவ்வரிசை சரியானது என்பது கடை நடுவிலேயே மெய்ப்பிக்கப்பட்டது (மனைவி, முதல் தளம், லிப்ட் அருகில், அச்சேறாதது, அச்சேற்றத் தகாதது).

கள ஆய்வும் நடந்தது. கடைகளில் எப்போதும் பச்சோந்தி, நறுக்கிய கிவிப் பழம், மயில் தோகை என்றே ஓடுகிறது. நம் வீட்டில் பச்சோந்தி பார்ப்பவர் யார்? கடைப் பையனிடம் கேட்டேன்.

"தம்பி, வெறும் கறுப்பா ஒரு படம் போட்டுக் காட்ட முடியுமா?"

"ஆஃப் பண்ணிக் காட்டவா சார்?"

எள்ளல் இல்லை, உண்மையாகவே உதவ நினைத்தான். ஏழு டிவியையும் அணைத்தான். ஏழிலும் மேலே கடையின் ட்யூப்லைட், கீழே மஞ்சள் பையுடன் நான். கருமையில் ஏழுக்கும் வேற்றுமை காணப்படவில்லை. எங்கள் ஹாலிலும் டிவிக்கு நேர் எதிரே ஜன்னல்.

ஓ.எல்.இ.டி.க்கு இன்னொரு தடையும் உண்டு. அசையாத படம் நெடுநேரம் ஒரே இடத்தில் நின்றால் அந்தப் புள்ளிகள் மட்டும் சீக்கிரம் தேய்ந்து தழும்பு விழும். அப்பா காலை ஆறு முதல் செய்திச் சேனல் பார்ப்பவர். அடியில் ஓடாமல் நிற்கும் சிவப்புப் பட்டை சில வருடங்களில் எந்தப் பக்திப் படத்திலும் நிழலாடும். விலக்கப்பட்டது.

எஞ்சிய எல்.சி.டி.யிலும் இரு பிரிவு: வி.ஏ., ஐ.பி.எஸ். வி.ஏ. நேராகப் பார்த்தால் கருமை ஆழம். பக்கவாட்டில் பார்த்தால் வெளுத்துவிடும். ஐ.பி.எஸ். எங்கிருந்து பார்த்தாலும் நிறம் நிற்கும், கருமை சாம்பல். அப்பாவின் சாய்வு நாற்காலி திரைக்கு நேர் எதிர். அம்மா நிற்பது சமையலறை வாசல். மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்துத் தரையில் நூல் கட்டி அளந்தேன்: 60 டிகிரி. ஆக வி.ஏ. என்பது சாய்வு நாற்காலியின் ஆதிக்கக் கருவி, ஐ.பி.எஸ். விளிம்புநிலைப் பார்வை. இத்தலைப்பில் ஒரு முனைவர் பட்டம் காத்திருக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். கருமையைத் துறந்து அம்மாவின் பக்கம் நின்றேன்.

அளவில் ஆராய ஏதுமில்லை. 50 அங்குலப் பெட்டியின் அகலம் ஏறக்குறைய 44, நம் எல்லை 39. எனவே 43 வந்தது. பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அந்த அளவில் ஃபுல் எச்.டி. புள்ளியையே கண் பிரித்தறியாது என்பதால் 4கே என்பது மனத்திருப்தி.

பெட்டி ஏறிய அன்று மாலை ஏழரை. தொடர் ஓடியது. சமையலறை வாசலில் போய் நின்று பார்த்தேன்; 60 டிகிரியிலும் மாமியாரின் பட்டுப்புடவை அசல் மாம்பழ மஞ்சள். அம்மா உள்ளே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இங்கிருந்து நிறம் சரியா தெரியுதா?"

"நான் எங்கடா பாத்தேன்? இருபது வருஷமா கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்."

திரும்பிப் போய் டிவியின் அடியில் கைவைத்துப் பார்த்தேன். ஒலிபெருக்கி கீழ்நோக்கி இருந்தது. மாமியாரின் குரல் முதலில் ஷோகேஸ் பலகைக்குப் போய், அங்கிருந்துதான் ஹாலுக்கு வந்தது.

"இதுல அவ பேசறது ஒண்ணுமே புரியலையே. பழசுல நல்லா கேட்டுச்சு" (அம்மா, சமையலறை, பீன்ஸ் நறுக்கியபடி, திரைக்கு முதுகு காட்டி).