சரமீட்பு சாஸ்திரம்: ஊவா மலைநாட்டுப் பிரமாணங்களுடன்

கணினித் திரையில் ‘சேமி’ என்று ஒரு சொல் தோன்றக் கண்டு, அது அங்கேயே பிறந்து அங்கேயே குடியிருப்பதாக நம்பி மனநிறைவு கொள்ளும் பாமரருக்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. அச்சொல் எங்கோ ஒரு கோப்பின் இருட்டில் உறங்கிக் கிடந்தது என்பதும், ஆங்கில வாசகம் ஒன்று பெயர் சொல்லிக் கூப்பிட எழுந்து வந்தது என்பதும், வரும் வழியில் அதற்கு நேரக்கூடிய விபத்துகள் எண்ணிறந்தன என்பதும் அறிந்த மெய்யறிஞர் எண்மருக்காகவே இது எழுதப்படுகிறது. அவர்களுள் எழுவர் அந்நிய தேசங்களில் வசிக்கிறார்கள். எட்டாமவன் பதுளையில் வசிக்கும் யான்.

இக்கூப்பாட்டுக்கு யாம் இட்ட பெயர் சரமீட்பு. சரம் என்னும் சொல்லுக்குப் பூமாலை, அம்பு, மூச்சு என மூன்று பொருள் உண்டாதலின், நல்ல மொழிபெயர்ப்பு கிடைத்தவிடத்துப் பூமாலையாகவும், பிழைபட்டது கிடைத்தவிடத்து அம்பாகவும், ஒன்றும் வராமல் காத்திருக்குமிடத்துப் பெருமூச்சாகவும் இதனைக் கொள்க (பார்க்க: எமது கொப்பி 1, பக்கம் 3).

சரமீட்பின் நடைமுறை சிக்கலற்றது. நிரலெழுதுவோன் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் எழுதுகிறான். மொழிபெயர்ப்பாளன் அதற்கு நேரே தமிழ் வாசகத்தை எழுதுகிறான். இவ்விரண்டும் ஜோடி ஜோடியாக ஒரு பட்டியலில் அடுக்கப்படுகின்றன. நிரல் ஓடும்போது ஆங்கிலத்தைக் கொடுத்தால் தமிழ் வருகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வகுத்த இம்முறையை, குனூ திட்டத்துக்காக உல்ரிச் டிரெப்பர் எழுதி 1995ஆம் ஆண்டில் ‘கெட்டெக்ஸ்ட்’ என்ற பெயரோடு வெளிவரச் செய்தார். இயந்திரம் வாசிக்கும் கோப்பின் தலைப்பில் ஓர் அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும்: 950412 என்னும் இலக்கங்களும், அவற்றை அடுத்து ‘டி’, ‘ஈ’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும். இது 1995 ஏப்ரல் 12 என்னும் தேதியையும் ஜெர்மனி தேசத்தின் சுருக்கக் குறியையும் சுட்டுவதென்பது எமது துணிபு. அத்தேதி சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் முந்தியது ஆகையால், கெட்டெக்ஸ்டின் மூலவேர் தமிழே என்று நிறுவுவதற்கு இன்னும் இரண்டு நாள்தான் குறைகிறது, இதைவிடக் குறைந்த ஆதாரத்தைக் கொண்டு இதைவிடப் பெரிய முடிவுகளை நிறுவிய பெருமக்கள் நம்மிடையே உண்டு (பார்க்க: கொப்பி 2, பக்கம் 11, அதையே ஆதரிக்கும் கொப்பி 3, பக்கம் 11).

இனி வகைகளைக் கூறுவாம். முதலாவது, கிடைத்த சரம்; இதில் ஆராய ஒன்றுமில்லை. இரண்டாவது, பன்மைச் சரம். தமிழுக்கு இரண்டு வடிவம் போதும், அரபிக்கு ஆறு வேண்டும், அவர்கள் பாவம்.

மூன்றாவதாகிய கிடைக்காத சரமே அறிஞர்தம் ஆயுளைக் குடிப்பது. பட்டியலில் தமிழ் இல்லையெனின், இயந்திரம் பிழை என்று அலறுவதில்லை; கொடுத்த ஆங்கிலத்தையே, ஒன்றும் நடவாதது போலத் திருப்பித் தந்துவிடுகிறது. காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஒருத்தியின் பெயரைக் கூப்பிட்டு, அவள் வராமையால், காற்சட்டையும் சப்பாத்துமாகத் தாமே கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலையேறியதாக எத்தோட்டத்திலும் வரலாறில்லை. கணினியிலோ அது நாள்தோறும் நடக்கிறது. தெமோதரையில் புகையிரதம் மலையைச் சுற்றி வளைந்து, தான் நின்ற நிலையத்துக்கே அடியில் சுரங்கத்தின் வழியாக வெளிப்படுவது போல, ஆங்கிலத்தில் புறப்பட்ட தேடல் தமிழ்மலையை ஒருமுறை வலம்வந்து ஆங்கிலத்தின் அடியிலேயே வந்து சேருகிறது.

இவ்விடத்து ஏவல் வினை பற்றிய பெருவிவாதம் எழுகின்றது. வாசகர் தேநீர் ஊற்றி வைத்துக்கொள்வது நலம். வெள்ளையர் காலத்தில் புதிதாக வந்திறங்கிய சின்னத்துரைமாருக்கென்று ‘இங்கே வா’ என்னும் பெயரில் ஒரு கைந்நூல் இருந்தது. ஆங்கில வாசகமும், ஆங்கில எழுத்தில் அதற்கு நேரான தமிழுமாக அமைந்த அந்நூலே, எமது ஆராய்ச்சியின்படி, இத்தீவின் முதற் சரப்பட்டியல். கெட்டெக்ஸ்டைப் போலவே அதுவும், சொல்பவர் யார், கேட்பவர் யார் என்று விசாரிக்காமல் வாசகத்தை எடுத்துக் கொடுத்தது; விசாரிக்கத் தேவையும் இருக்கவில்லை, துரை சொல்வார், மற்றவர் கேட்பார். இப்போது கணினியின் பட்டியை நோக்குக. ‘திற’, ‘மூடு’, ‘வெட்டு’, ‘ஒட்டு’ என அங்கே நிற்பனவெல்லாம் மனிதன் இயந்திரத்துக்கு இடும் கட்டளைகள். லயத்துப் பிள்ளை ஒருத்தி பசறையிலோ லுணுகலையிலோ கணினியின் முன் அமர்ந்தால், ‘வெட்டு’ என்று துரையின் தொனியிலேயே ஆணையிடும் உரிமை அவளுக்கு வந்து சேருகிறது. மரியாதையே உருவான மொழிபெயர்ப்பாளர்களோ, இது பயனருக்கு யாரோ சொல்வது என மயங்கி, ‘வெட்டவும்’, ‘ஒட்டவும்’, ‘சேமிக்கவும்’ என்று எழுதிவிட்டார்கள். தன் சொந்த இயந்திரத்தினிடம் விண்ணப்பம் எழுதும் நிலைக்கு அப்பிள்ளை இவ்வாறு தள்ளப்பட்டாள். ‘வும்’ வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் நடத்தும் வாதங்களின் வரலாற்றை யாம் வேறிடத்தில் விரித்துள்ளோம் (கொப்பி 4, தேநீர்க் குவளையின் வட்டக்கறைக்கு உட்பட்ட பகுதி, கறைக்கு வெளியே உள்ளது பிற்காலத்து இடைச்செருகல், அதுவும் எம் கையெழுத்தே).

நான்காவது வகை ஐயச் சரம். மூல ஆங்கிலம் சிறிது மாறிவிட்டால், பழைய மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் ஒட்டிவைத்து, ‘ஐயத்துக்குரியது, பின்னர் பார்க்க’ என்று கருவி முத்திரை குத்துகிறது. அத்தகைய சரம் பட்டியலில் இருக்கும், திரையில் தோன்றாது, இயந்திரக் கோப்பைக் கட்டுகிறபோது வழக்கமாக அதனைக் கழித்துவிடுவார்கள். இம்முறை கணினியார் கண்டுபிடித்ததன்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, மலையகத்தாருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தபின், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என ஒதுக்கிவைத்தார்கள். 1974இல் அவர்களும் பாதிக்குப் பாதி பிரிக்கப்பட்டார்கள். இன்றும் தமிழ் என்னும் மொழிக்குறிக்குப் பின்னே ஓர் அடிக்கோடிட்டு இலங்கையா இந்தியாவா என்று கேட்பது கணினியின் வழக்கம். இலங்கை என்றால் இலங்கைத் தமிழ்க் கோப்பைத் தேடும். இல்லையேல் நாடற்ற தனித் தமிழைத் தேடும். அடுத்த அறையில் இந்தியத் தமிழ் முழுமையாக இருந்தாலும் அக்கதவைத் தட்டாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். இதற்கு மேற்கோள் காட்ட யாம் கொப்பி எதனையும் தேடவில்லை.

ஐந்தாவதாகிய இடம்மாறிய சரத்துக்கு ஓர் உதாரணம் போதும். கணினியின் ‘கோப்பு’, மாணவர் எழுதும் ‘கொப்பி’, எம் முன்னோரைக் கடல் கடத்திக் கொணர்ந்த ‘கோப்பி’ ஆகிய மூன்றும் ஒரு வேரினவா என்னும் வினா தமிழறிஞர் எவரையும் இதுகாறும் உறுத்தாதது வியப்பே. கோப்பு என்பது கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த நல்ல தமிழ்ப்பெயர். மற்றிரண்டும் கப்பலில் வந்தவை. ஆதலால் மூன்றும் ஒன்றே என்பது எமது சித்தாந்தம். மடுல்சீமையில் 1869ஆம் ஆண்டு முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்புகளுக்கும் நோய் வரும் என்பதை நச்சுநிரல் கண்ட எவரும் மறுக்கார். நிறுவப்பட்டது (கொப்பி 5, அது கோப்பி நிறமாகிவிட்டமையின் வாசிக்க இயலாது, ஆயினும் கருத்து வலுவானது).

இச்சாஸ்திரத்துக்குக் களப்பிரமாணமும் வேண்டுமென்று, சம்பளம் கைக்கு வந்த ஒரு நாள், பதுளை நகரத்து வங்கியொன்றின் காசு எடுக்கும் இயந்திரத்தருகே நின்றோம். ஹாலி எல பக்கத்துத் தோட்டத்திலிருந்து பேரப்பிள்ளையின் துணையோடு வந்த அம்மாயி ஒருவர், ‘தமிழ்’ என்ற பொத்தானை அழுத்தினார். முதல் திரை தமிழில் வந்தது, இரண்டாவதும் தமிழ், மூன்றாவதில் சரமீட்பு தவறி ஆங்கில வாசகம் ஒன்று வந்து நின்றது. பிள்ளை வாய் திறக்குமுன் அவர் கையைப் பின்னுக்கு எடுத்து, முந்தானையைச் சரிசெய்து, அசையாமல் நின்றுகொண்டார்.

“அதில் என்ன எழுதியிருக்கிறது, அம்மாயி?” என்றோம்.

“எனக்கென்ன தெரியும் தம்பி. இங்கிலீசு வந்துருச்சுன்னா நின்னுக்கிட்டுத்தான் இருக்கணும்.”

எட்டிப் பார்த்தோம். தயவுசெய்து காத்திருக்கவும் என்பதே அவ்வாசகத்தின் பொருள். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அங்கேயே ஒப்புநோக்கி, ‘வும்’ இல்லாத அவரது பாடமே சிறந்ததென்று ரசீதின் பின்புறத்தில் குறித்துக்கொண்டோம். ரசீது அவருடையது ஆகையால், காசை எண்ணி முடித்ததும் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.