வயது, வகுப்பு, ஹாபி

எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள். மே மாதத்துக்காரர்கள் சிலர் இருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிறந்தவன் என்று மருந்துக்கும் ஒருத்தன் கிடையாது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் பள்ளிக்கூடம் திறக்கிற தேதியைக் கேட்டுக்கொண்டு பிள்ளைகள் பிறந்த காலம் அது.

பிறப்பித்தவர் தலைமை ஆசிரியர். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆடு பார்த்துவிட்டு வரலாம். எனக்குக் கை நீளம். 1962 கார்த்திகையில் பிறந்தவனை அவர் பதிவேட்டில் 1.6.1962-ல் பிறக்க வைத்தார். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு யார் போய்த் திருத்துவது? 2022 மே 31 அன்று அரசாங்கம் எனக்கு 60 வயது முடிந்துவிட்டதென்று மாலை போட்டு அனுப்பியது. ஜாதகப்படி இன்னும் ஐந்தாறு மாதம் பாக்கி. அந்தச் சம்பளத்தை நீளக் கையின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இப்படிப்பட்ட வயதைத்தான் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கினார்கள். வாத்தியார் கொடுத்தது நாலே வாக்கியம். மை நேம் இஸ் இன்னார். ஐ ஆம் தர்ட்டீன் இயர்ஸ் ஓல்ட். ஐ ஆம் ஸ்டடியிங் இன் நைன்த் ஸ்டாண்டர்ட். மை ஹாபி இஸ் ஸ்டாம்ப் கலெக்ஷன். இதற்கு மேல் நம்மைப் பற்றி வெள்ளைக்காரன் கேட்கமாட்டான் என்பது அவர் முடிவு. ஆச்சி வீட்டில் "பதிமூணு முடிஞ்சு பதினாலு நடக்கு" என்பாள். அதை நம்பி ஒருத்தன் "ஐ ஆம் தர்ட்டீன், ரன்னிங் ஃபோர்ட்டீன்" என்றான். "ரன்னிங்கா? எங்கலே ஓடுது, பிடிச்சுக்கிட்டு வா!" என்று வாத்தியார் அவனை மைதானத்தைச் சுற்றி ஓட வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் எவன் வயதும் ஓடவில்லை.

பெயரை விட்டால், நாலில் வகுப்பு மட்டும்தான் சத்தியமாக உண்மை. அதிலும் நிம்மதி இல்லை. அப்பா படித்த காலத்தில் அது ஃபாரம்; ஆறாம் வகுப்பு ஃபர்ஸ்ட் ஃபாரம், எட்டாவது தேர்டு ஃபாரம். "எங்கப்பா தேர்டு வரைக்கும் படிச்சவங்க" என்று சொல்லி, மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்ற பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். நான் 1978-ல் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன், கடைசி செட். எனக்கு ஒரு வகுப்பு இளைய தம்பி அதே வருஷம் பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதினான், முதல் செட். ஒரே வீட்டில் ஒரே பட்டம், ஒரே வருஷம். நான் பி.யு.சி. போனேன், அவன் பிளஸ் டூ போனான். தபால்காரர் எங்களை இரட்டைப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் வகுப்பில் இந்த நாலு வாக்கியமும் கடல் தாண்டியது. ஃபின்லாந்தில் துர்க்கு என்ற ஊரில் இன்டர்நேஷனல் யூத் சர்வீஸ் என்று ஒன்று இருந்தது. பேனா நண்பர்களைச் சேர்த்துவைப்பது அதன் வேலை. 1952-ல் தொடங்கி 2008-ல் மூடினார்கள். மதுரையில் படித்த மாமா மகன் அதன் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தான். அதிலும் வயது, அதிலும் ஹாபி. எழுதிப் போட்டேன். மூன்று மாதம் கழித்து ரோவனியெமியிலிருந்து ஒரு பெண் பதில் எழுதினாள். ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கிற ஊர். அவளுக்கும் 13 வயது; ஆனால் ஏழாம் வகுப்பு.

கடிதத்தைத் தமிழில் சொல்லக் கேட்ட அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. "ரெண்டு வருஷம் பெயிலாயிட்டா போல. பாவம், தாய் தகப்பன் கவனிக்கல." அந்த நாட்டில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புவார்கள் என்பது எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்? அடுத்த கடிதத்தில் "நன்றாகப் படிக்கவும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள் அம்மா. சேர்த்தேன். அந்தப் பெண் தன் ஹாபி பனிச்சறுக்கு, காட்டில் பழம் பறிப்பது, ஆபா பாட்டு என்று எழுதியிருந்தாள். காட்டில் பழம் பறிப்பது ஹாபி என்றால் எங்கள் ஊரில் இலந்தைப் பழத்துக்காக உதைபட்டவர்கள் எல்லாரும் பெரிய ஹாபிக்காரர்கள்தான்.

எங்களுக்கு வாத்தியார் ஒதுக்கியது ஸ்டாம்ப். வகுப்பு மொத்தத்துக்கும் அதுவே ஹாபி. எனக்கு வந்த கடிதங்களை விட்டால் வெளிநாட்டுத் தபாலே வராத ஊரில் எதைச் சேகரிப்பது என்று அவர் யோசிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு நாள் மாவட்டக் கல்வி அதிகாரி டி.இ.ஓ. இன்ஸ்பெக்‌ஷன் வந்தார். எழுப்பியவன் எல்லாம் "ஸ்டாம்ப் கலெக்ஷன்" என்றான். கடைசி பெஞ்சுக்காரன் சொன்னதும், "ஷோ மீ யுவர் ஆல்பம்" என்று கையை நீட்டினார்.

அவன் நோட்டை எடுத்தே விட்டான். உள்ளே தீப்பெட்டிப் படங்கள். சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர் தீப்பெட்டிகளின் மேல் சீட்டை நீரில் ஊறவைத்து உரித்து, சோற்றுப் பசையில் ஒட்டியிருந்தான். கிளி, தாமரை, ரயில், கப்பல், குத்துவிளக்கு, சாவி. எங்கள் உண்மையான நாணயம் அவைதான். கோலி ஆட்டத்தில் பந்தயமே படம்தான்; அரிதான படத்துக்குப் பத்துச் சாதாரணப் படம் விலை. வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. டி.இ.ஓ. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கப்பல் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார். எழுந்து போகும்போது, "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு, தெரிஞ்சு வைங்க" என்று வாத்தியாரிடம் சொன்னார். மறுநாள் வகுப்பு முழுக்க மறுபடியும் ஸ்டாம்ப் கலெக்ஷன்தான். அது பாடப்புத்தகத்தில் இருந்தது.

இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்தி பிறந்த நேரம் நிமிஷம் பிசகாமல் ஆஸ்பத்திரியில் குறித்தது. மாநகராட்சிச் சான்றிதழ் கெட்டி உறை போட்டு பீரோவில் இருக்கிறது. அவளுக்கு 12 வயது. இன்ஸ்டாகிராமில் மட்டும் 15. "பதிமூணு ஆனாத்தான் சேர்த்துப்பாங்க தாத்தா. ஒரு சேஃப்டிக்கு ரெண்டு வருஷம் கூடப் போட்டேன்." தலைமை ஆசிரியராவது கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்.

அவள் "ஸ்டடியிங் இன்" எல்லாம் சொல்வதில்லை. "ஐ ஆம் இன் கிரேட் செவன்" என்கிறாள், ரோவனியெமிப் பெண் எழுதியது போலவே. ஹாபி என்ற சொல்லைச் சொன்னால் சிரிக்கிறாள். இப்போது அதன் பெயர் பேஷன். பள்ளிக்கூட இணையதளத்துக்கு அவள் எழுதியதை வாசித்துக் காட்டினாள்: பேக்கிங், கதை சொல்லல், சுற்றுச்சூழல் ஆகியவற்றில் பேஷனேட். "பேக்கிங்கா? மைக்ரோவேவில் பாப்கார்ன் கருகினதே, அதுவா?" என்று சமையலறையிலிருந்து மகள் கேட்டாள். பிள்ளைக்கு உண்மையில் பிடித்தது, யாரோ ஒருத்தர் பார்சல் பிரிப்பதை மணிக்கணக்காகப் பார்ப்பது. அதை எழுதக்கூடாதாம். "எல்லாருமே அதைத்தான் பாக்கறாங்க. யுனீக்கா இருக்கணும் தாத்தா." வகுப்பில் வேறு யார் யார் பேக்கிங் என்று கேட்டேன். பாதிப் பேர்.

போன வாரம் தாத்தா பாட்டி தினத்துக்கென்று ஒரு படிவம் வந்தது. வயது என்ற இடத்தில் எந்த வயது என்று கேட்டேன். "உன்கிட்ட எத்தனை இருக்கு?" என்றாள். ஆதாரில் உள்ளதைப் போட்டாள். படிப்பு என்ற இடத்தில் பி.யு.சி. என்றதும், அப்படி ஒன்று கீழே விழும் பட்டியலில் இல்லை என்று பிளஸ் டூவைத் தட்டினாள். தம்பி கேட்டால் சந்தோஷப்படுவான். கடைசிக் கட்டம் இன்டரஸ்ட்ஸ்.

"சாயந்திரம் பிள்ளையார் கோயில் திண்ணையில சும்மா உக்காந்திருப்பேன்."

"உக்காந்து?"

"உக்காந்துதான்."

கொஞ்சம் யோசித்து, 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று அடித்து அனுப்பிவிட்டாள். நேற்று வகுப்பாசிரியை போன் செய்தார். வருகிற வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு கிரேட் செவன் பிள்ளைகளுக்கு நான் அரை மணி நேரம் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். பாய் அவர்களே போட்டுவிடுவார்களாம்.