கழற்றல் இயல்: தகடூர் நாட்டுக் கார்க் காவலில் ஸ்டியரிங்கின் இடம்

திருட்டை ஆராயப் புகுவோருக்குத் தகடூர் என்று பழைய பெயர் கொண்ட தருமபுரியைவிட உகந்த மாவட்டம் வாய்ப்பது அரிது. காரணம் இக்காலத் திருடர்கள் அல்லர். மாவட்டத்தார் கோபித்துக்கொள்ள வேண்டாம். காரணம் நடுகற்கள். மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதியும், ஓட்டிப்போன மாடுகளை மீட்கப் போயும் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கங்களில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் அவற்றுள் சிலவற்றை நேரில் பார்க்கலாம். தொல்காப்பியர் புறத்திணையைத் தொடங்குவதே வெட்சியில்தான், அதாவது அடுத்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவதில். மீட்பதையும் அவர் அதற்குள்ளேயே அடக்கிவிட்டார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனாரோ மீட்பைக் கரந்தை என்று தனித் திணையாக வைத்தார். களவுக்கு ஒரு செக்‌ஷன், மீட்புக்கு ஒரு செக்‌ஷன் என்கிற அலுவலக ஒழுங்கு அப்போதே வந்துவிட்டது.

ஆனால் இலக்கணத்தார் எவரும் தொடாத துறை ஒன்று உண்டு. பொருளை ஓட்டிப்போகவே முடியாதபடி முன்கூட்டியே குறைத்துவைப்பது. மாட்டின் முன்னங்காலைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு உறங்கப் போக முடியாது என்பதால் அவர்களுக்கு இது தோன்றாமல் போயிருக்கலாம். கார் அப்படியன்று. அதில் எதைக் கழற்றினால் அது கார் அல்லாமல் போகும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

கழற்றலுக்கு முன், கார் அலாரத்தைப் பற்றி இரண்டு வரியில் சொல்லி நகர்ந்துவிடலாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது திருடர்களைக் கடித்த நாய். இன்றைய கார் அலாரம் கத்துவதோடு சரி. அதைக் கேட்டு ஜன்னலைச் சாத்துகிறவர்களைத்தான் பார்க்கிறோம்.

குறைத்துக் காத்தல் என்னும் கொள்கைக்கு நம்மிடம் வலுவான மரபு உண்டு. கோயிலுக்குப் போகிறவர் ஒரு செருப்பைக் கிழக்குப் பக்கமும் மற்றதை மேற்குப் பக்கமும் விட்டுவிட்டுப் போவது இதன் எளிய வடிவம். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து விவசாயி கிணற்றடி மோட்டார் அறையிலிருந்து வீட்டுக்குப் புறப்படும்போது பீஸ் கட்டையைப் பிடுங்கி வேட்டி மடியில் செருகிக்கொள்வது சற்றே முன்னேறிய வடிவம். அம்பாசிடர் வைத்திருந்த பெரியவர்கள் பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை நீக்கி, உள்ளே கட்டைவிரல் அளவில் இருக்கும் ரோட்டரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். அதன் பிறகு அந்த வண்டியை இந்திரன் வந்தாலும் கிளப்ப முடியாது.

இக்கொள்கையில் ஓட்டை ஒன்று உண்டு. திருடன் முழுப் பொருளையும் விரும்புகிறான் என்று அது எடுத்துக்கொள்கிறது. பீஸ் கட்டை மடியில் பத்திரமாக இருக்கும்போதே, கேபிளை அறுத்துச் செம்பாக உருக்கி விற்றுவிடுகிறான். நிற்க.

ஸ்டியரிங்கைக் கழற்றியவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் மிஸ்டர் பீன். ரோவன் அட்கின்சன் நடித்த அந்தத் தொலைக்காட்சித் தொடரில் அவருடைய பச்சை மினி காரின் கதவில் நாதாங்கியும் பூட்டும் தொங்கும். அதுவும் போதாதென்று ஸ்டியரிங்கைக் கையோடு கழற்றிக்கொண்டு போவார். தமிழ் வீடுகளில் மூன்று தலைமுறையும் சேர்ந்து சிரித்த காட்சி. சிரித்தவர்கள் கவனிக்காதது, அவர் தருக்கத்தில் பிழை இல்லை என்பதை. மேற்கு ஜெர்மனி 1961-லேயே கார்களுக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டைக் கட்டாயமாக்கியது. சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும் பூட்டு அதன் பிறகு பரவலாயிற்று. அமெரிக்காவில் 1986 வாக்கில் ஜேம்ஸ் வின்னர் என்பவர் ஸ்டியரிங்கின் குறுக்கே மாட்டும் இரும்புத் தடி ஒன்றை ‘தி கிளப்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார். தடி உறுதியானது. திருடர்கள் அதைத் தொடவில்லை. ரப்பரும் மெல்லிய கம்பியுமான ஸ்டியரிங்கை ரம்பத்தால் அறுத்துத் தடியை உருவி எடுத்தார்கள். ஆக, நோஞ்சானாக இருக்கிற உறுப்பு ஸ்டியரிங்தான் என்றால், அதை அங்கே விட்டுவைப்பானேன்?

இனிக் கருவி. ஹாரன் மூடியைப் பெயர்த்தால் நடுவில் ஒரு நட்டு. அதைத் தளர்த்திப் பழைய ஸ்டியரிங்கை உருவிவிட்டு, பல் வெட்டிய தண்டின் மேல் ‘பாஸ்’ என்கிற அடிக்கட்டையை ஏற்ற வேண்டும். அதன்மேல் கழற்று ஹப். ஹப்பின் இரு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று போய், உள்ளே இருக்கிற எஃகுக் குண்டுகள் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். கழுத்துப் பட்டையை நம் பக்கம் இழுத்தால் குண்டுகள் விலகி ஸ்டியரிங் கையோடு வந்துவிடும். இது பந்தயக் கார்க்காரர்களின் ஏற்பாடு. குறுகலான இருக்கையிலிருந்து ஓட்டுநர் சட்டென வெளியேறுவதற்காகச் செய்தது. திருடன் அவர்கள் நினைப்பிலேயே இல்லை.

மாட்டும்போது ‘க்ளிக்’ என்று கேட்க வேண்டும். இந்த ஒலியின் முக்கியத்துவத்தைத் தொப்பூர் கணவாய் அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரி பின்னால் வருகிறது, வளைவு முன்னால் வருகிறது, ஸ்டியரிங் மட்டும் மடிக்கு வருகிறது என்றால், திருடன் எடுத்துப் போயிருந்தாலே நல்லது என்று தோன்றிவிடும்.

கழற்றியாயிற்று, அடுத்து அதை எங்கே வைப்பது? இங்கேதான் முன்னோர் ஆய்வுகள் மௌனம் சாதிக்கின்றன. ரோட்டர் பையில் அடங்கியது, பீஸ் கட்டை மடியில் அடங்கியது. ஒன்றேகால் அடி விட்டமுள்ள வளையம் எதிலும் அடங்குவதில்லை. தாம்பூலப் பையில் நுழையாது. மஞ்சப்பையில் நுழைத்தால் பாதி வெளியே நிற்கும். கல்யாண மண்டப வாசலில் ஒரு கையில் மொய்க் கவரும் கக்கத்தில் ஸ்டியரிங்குமாக நுழைபவரைப் பன்னீர் தெளிக்க நிற்கிற பையன் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்பான்: “ஏன் மாமா, வண்டிய வித்ததுல இது மட்டும் மிச்சமா?” பந்தியில் உட்காரும்போது அதை நாற்காலிக்கு அடியில் தள்ள வேண்டியிருக்கும். ரசத்துக்கு வருவதற்குள் அது அங்கே இராது. ஐந்து வயதுக் குழந்தை ஒன்று அதை நெஞ்சளவில் பிடித்துக்கொண்டு, வாயால் கியர் மாற்றியபடி, மணமேடையைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். பிடுங்கினால் அழும், அழுதால் சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்ப்பார்கள். திருட்டுத் தடுப்புச் சாதனம் திருடு போவது இவ்வியலில் மீளாச் சிக்கல்.

சட்டத்தின் நிலை இதைவிடச் சுருக்கம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் தந்த அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்றுவதற்குக் கடிவாளம் போடுகிறது. 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம்; அது குடியிருப்பதோ ஸ்டியரிங்கின் நடுவில். கழற்று ஹப் பொருத்தினால் ஏர்பேக்கைத் துறக்க வேண்டும். திருடனிடமிருந்து காரைக் காக்க உயிரைப் பணயம் வைப்பதற்கு இம்மாவட்டத்தில் முன்னுதாரணம் உண்டு என்றாலும், மாட்டுக்காக அப்படிச் செத்தவர்களுக்குக் கல் நட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கல் நடாது. அது தருவது, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்கிற வாகன ஆராய்ச்சிக் கழகத்தின் சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 விழுக்காடு, உச்சபட்சம் ₹500 தள்ளுபடி. ஏர்பேக் இல்லாத பழைய மாருதி 800-தான் இதற்குப் பொருத்தமான வண்டி என்று கொண்டால், அதன் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. கழற்ற வசதியான வண்டிக்குத் திருடனிடம் கிராக்கி இல்லை. திருடனிடம் கிராக்கி உள்ள வண்டியில் கழற்ற வசதியில்லை. கேட்டால், என்ஜினை எலெக்ட்ரானிக் சாவியே கட்டிப்போடுகிறதே, ஸ்டியரிங் எதற்கு என்கிறார்கள் மெக்கானிக்குகள். ஆய்வில் ருசியில்லாதவர்கள்.

மறுதரப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கிற காரைக் கண்டு கைவிடுகிறவன் கற்றுக்குட்டி. தொழில் தெரிந்தவன் மறுநாள் அதே அளவு ஹப்பும் ஸ்டியரிங்கும் வாங்கிக்கொண்டு வருவான். கடையில் கிடைக்கிற பொருள்தானே. ஆகவே இரவு பதினொரு மணிக்கு நான்கு ரோட்டுப் பக்கம் கக்கத்தில் ஸ்டியரிங்குடன் நடந்து வருகிற ஆளைப் பார்த்தால், அவர் காரை விட்டுவிட்டு வருகிறாரா, காரைத் தேடிப் போகிறாரா என்று தோற்றத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. ரோந்து போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால் ஆர்.சி. புத்தகத்தைத்தான் நீட்ட வேண்டும். அதில் என்ஜின் நம்பர் இருக்கிறது, சேசிஸ் நம்பர் இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு நம்பர் கிடையாது.