மயில்துத்தம் யார் பக்கம்?

உப்பு என்றாலே நடுநிலை என்றுதானே படித்தோம்? பிறகு ஏன் திராட்சைக்கு மயில்துத்தம் அடிக்கும்போது சுண்ணாம்பும் சேர்க்கச் சொல்கிறார்கள்?
— வாசகர், காமயகவுண்டன்பட்டி

வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரியாமல் பிள்ளையின் குணத்தைச் சொல்ல முடியுமா? உப்பு, அமிலமும் காரமும் பெற்ற பிள்ளை. மயில்துத்தத்தைப் பெற்றவர்களில் கந்தக அமிலம் வலுத்தது, தாமிர ஹைட்ராக்சைடு நோஞ்சான். கரைத்தால் தண்ணீர் அமிலமாகும். சலவைச் சோடாவில் காரத்தின் கை ஓங்கும். சாப்பாட்டு உப்பில் இரண்டும் சம பலம். நீங்கள் படித்த நடுநிலை அங்கேதான்.

மயில்துத்தத்தை மட்டும் அடித்தால் பூஞ்சையோடு இலையும் கருகும். அந்த அமிலத்தை அடக்கத்தான் காரமான சுண்ணாம்பு: ஒரு சதவீத போர்டோ கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு. 1885-ல் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தாக இதை அறிவித்தவர் பிரான்சின் மில்லார்டே. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சைக்கும் இதுவே காவல்.

அடிக்கும் முன் பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். கலக்க இரும்பு வாளி ஆகாது, பிளாஸ்டிக் எடுங்கள். கலக்கியதை அன்றே அடித்து முடியுங்கள்.