அவசரக்குடுக்கை

சென்னையிலிருந்து மதுரை வரைக்கும் எந்தப் பெட்ரோல் பங்கில் பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் உண்டு, எதில் கதவைக் காலால் முட்டுக்கொடுக்க வேண்டும், எதில் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேனேஜர் டீ குடிக்கப் போயிருப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பஸ்ஸில் ஏறியதும் மற்றவர்கள் ஜன்னலோர சீட் தேடுவார்கள். நான் டிரைவரின் முகத்தைப் பார்ப்பேன். கேட்டால் நிறுத்துகிற முகமா, "இன்னும் அரை மணிதாம்மா, விக்கிரவாண்டி வந்துரும்" என்கிற முகமா என்று. ஆண்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை. வண்டி நின்றால் போதும், தமிழ்நாடு முழுக்க அவர்களுடையது.

கல்யாணங்களில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. கெட்டிமேளம் காதில் விழும்போது, கையில் அட்சதையும் முழங்கால்வரை தூக்கிப் பிடித்த பட்டுப்புடவையுமாக மண்டபத்தின் பின்கட்டில் வரிசையில் நிற்பேன். அப்புறம் ஆல்பத்தைப் புரட்டினால் பந்தியில் மட்டும் இருப்பேன். எங்கள் சொந்தத்தில் இதைப் பற்றி ஒரு கருத்து நிலவுகிறது.

சொந்தக்காரர்களிடம் வைத்தியத்துக்கும் பஞ்சமில்லை. எள்ளுருண்டை சாப்பிடு என்றார்கள். வெந்தயம் என்றார்கள். "வயசானா அப்படித்தான்" என்றார்கள். முதல் இரண்டும் வைத்தியம், மூன்றாவது தீர்ப்பு.

மகன் வயதிருக்கும் யூராலஜி டாக்டர் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். முதலில் யூரினில் கிருமி இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, போய்விட்டு வந்த பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்தார். அத்தனையும் நார்மல். இவ்வளவு அவஸ்தைப்பட்டும் ரிப்போர்ட்டில் ஒரு வரிகூடத் தடித்த எழுத்தில் வராதது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"உங்க ப்ளாடர் அவசரக்குடுக்கைம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400, 500 மில்லி வரை தாங்குமாம். 150, 200 சேர்ந்ததும் லேசாகத் தகவல் சொல்லும். மூளை "இரு, பார்க்கலாம்" என்றால் இருக்கும். என்னுடையதிடம் தகவல் சொல்லும் வழக்கமே கிடையாது, நேராக மறியல்தான். பையின் சுவரில் டிட்ரூசர் என்று ஒரு தசை இருக்கிறது. யாரையும் கேட்காமல் அது பாட்டுக்குச் சுருங்கிவிடுகிறது.

மூன்று நாள் கணக்கு எழுதி வரச் சொன்னார். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, அதற்கு முன் என்ன குடித்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள். மெடிக்கல் ஷாப்பில் மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று வாங்கி பாத்ரூம் ஜன்னலில் வைத்திருந்தேன். மறுநாள் காலை என் வீட்டுக்காரர் அதைக் கழுவிக் கையில் ஏந்தியபடி சமையலறைக்குள் வந்தார். "இது நல்லாருக்கே, பால் அளக்க வச்சுக்கலாமே." முழங்கால் வலிக்காரியான நான் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை அவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

அந்தக் கணக்கில்தான் குட்டு வெளிப்பட்டது. பாத்திரம் தேய்க்கக் குழாயைத் திறந்தால் வருகிறது. வாசல் பூட்டில் சாவி போட்டால் வருகிறது. தெருமுனைவரை சமர்த்தாக வந்துவிட்டு, பூட்டைக் கண்டதும் பேயாட்டம். கைப்பையின் அடியில் சாவியைத் துழாவிக்கொண்டு ஒற்றைக் காலில் நான் நிற்கும்போதுதான் மாடி வீட்டுக்காரி இறங்கி வருவாள். "அக்கா, தண்ணி வரி கட்டிட்டீங்களா?" உலகமெங்கும் பூட்டுக்கு முன்னால் இப்படி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னதில் ஒரு ஆறுதல்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, நம் வீடுகளில் பரம்பரையாக வரும் உபதேசம். "கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துடு." வந்தாலும் வராவிட்டாலும் இப்படி எதற்கெடுத்தாலும் போய்ப் போய், பாதிகூட நிறையாதபோதே கத்துவதற்குப் பையைப் பழக்கிவிடுகிறோமாம். பிரயாணத்தன்று பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் கிடக்கும் விரதமும் வீண். யூரின் கெட்டியானால் பையின் உட்சுவரில் உறுத்தும், அவசரம் கூடும், கிருமித் தொற்றும் வந்து சேரும்.

ஆகவே பழையதை மறக்கடிக்கப் பாடம். அவசரம் வந்தால் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, அடிவயிற்றுக்குக் கீழே உள்ள தசையை நாலைந்து தடவை சட்டென்று இறுக்கி விட வேண்டும், மனசை வேறு எதிலாவது திருப்ப வேண்டும். நான் சீட்டுப் பணத்தில் யார் யார் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் போடுவேன். கோபம் வந்ததும் அவசரம் போய்விடும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் உள்ள இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

தசையை இறுக்கும் பயிற்சியை 1948-இல் எழுதி வைத்தவர் அர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். எங்கே உட்கார்ந்தும் செய்யலாம், பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாது என்பார்கள். எனக்குப் புருவம் தானாக ஏறிவிடுகிறது. சாப்பாட்டு மேஜையில் ஒரு நாள் செய்தபோது, "என்ன, சாம்பார்ல உப்பு கூடிடுச்சா?" என்று வீட்டுக்காரர் பதறிப்போனார். பலன் தெரிய ஒன்றரை, இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை உப்பு கூடியதாகவே இருக்கட்டும்.

காபி, டீயைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். டீயை விட்டேன். மாலைக் காபியையும் விட்டேன். காலைக் காபி விஷயத்தில் டாக்டரும் நானும் அவரவர் நிலையில் உறுதியாக இருக்கிறோம்.

பயிற்சி போதாதவர்களுக்கு மாத்திரை உண்டு. பழைய ரக மாத்திரைகளில் வாய் வறண்டுபோகும், வறண்டால் தண்ணீர் குடிப்போம், குடித்தால்? இதை யோசித்தவர் யாரோ என் மாமியாரைப் போல நகைச்சுவை உணர்வுள்ளவர். மிராபெக்ரான் என்ற புதிய ரகத்தில் வறட்சி குறைவு, ஆனால் பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் போடாக்ஸ். நடிகைகளின் நெற்றிக்குப் போகும் அதே ஊசி, இங்கே 100 யூனிட் பைச் சுவருக்குப் போகிறது. அமெரிக்காவில் 2013-இல் அனுமதித்தார்கள். சில மாதங்களில் வேகம் தணிந்துவிடும், திரும்பப் போட வேண்டும். அவ்வளவு செலவு செய்து சுருக்கத்தை நிறுத்தியும் பார்த்துப் பாராட்ட ஆளில்லாத இடம் அது ஒன்றுதான்.

எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ராத்திரி மட்டும் இன்னும் ஒரு தடவை எழுந்திருக்கிறேன். ப்ராஸ்டேட் வீங்கினால் அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கும் இதே கதைதான் என்று டாக்டர் சொன்னதை வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்லி, ஒரு நடை வந்து காட்டச் சொன்னேன். தனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுவிட்டார். நேற்று ராத்திரி நான் வெளியே வரும்போது பாத்ரூம் கதவுக்கு வெளியே, இருட்டில், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி குடிக்க எழுந்தேன்" என்றார்.