ப்ராஜெக்ட் அப்பா

கடை அடைக்கிற நேரத்தில், பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே தலையை நுழைத்து, "அண்ணா, ஒரே ஒரு தெர்மாகோல், முக்கா இஞ்ச்" என்று கெஞ்சும் மனிதரைக் கொடுங்கையூரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். முத்தமிழ் நகரில் ஒருவர், எழில் நகரில் ஒருவர், கவியரசு கண்ணதாசன் நகரில் பிளாக்குக்கு ஒருவர். சட்டையில் கிரீஸ் கறை. ஷிப்ட் முடிந்து வந்தவர் இன்னும் சாப்பிடவில்லை. கையில் போன், போனில் கிளாஸ் மிஸ் அனுப்பிய வாட்ஸ்அப். நாளைக் காலை 'ஏதாவது ஒரு மலை' செய்து எடுத்துவர வேண்டுமாம். வகுப்பு: மூன்றாவது 'பி'.

மிஸ் கேட்டது மலை. இவர் செய்யப்போவது எரிமலை. ப்ராஜெக்ட் அப்பாவை அடையாளம் காண இது ஒன்றே போதும்.

"நாங்க இப்ப தேர்டு ஸ்டாண்டர்டு சார்" என்பார். "போன வருசம் மாதிரி இல்ல. ஈ.வி.எஸ். கொஞ்சம் டஃபா இருக்கு." சொல்லும்போது முகத்தில் உண்மையான கவலை தெரியும். பாப்பாவுக்கு அந்தக் கவலை கிடையாது. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பூனைக்கு டிக்டேஷன் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

எல்லாப் ப்ராஜெக்ட் அப்பாக்களும் ஒரே அச்சு என்று நினைத்துவிடக் கூடாது. மணலி கம்பெனியில் காண்ட்ராக்ட் ஃபிட்டராக இருப்பவர் செய்த எரிமலையில் அரை இஞ்ச் பைப்பும் ஒரு வால்வும் இருக்கும். துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவரிடம் 'போக்குவரத்துச் சாதனங்கள்' வந்தால், அட்டை லாரியில் கன்டெய்னர் நம்பர் உட்பட எழுதிவிடுவார். பின்பக்கம் 'சவுண்ட் ஹாரன்'. காசிமேட்டில் படகு வைத்திருக்கும் மச்சான் அன்று வீட்டுக்கு வந்திருந்தால் முடிந்தது. பிக்சர் சார்ட்டில் இருக்கும் படகைப் பார்த்து, "இந்த போட்டு தண்ணில எறங்குனா அஞ்சு நிமிசத்துல கவுந்துரும்பா" என்று தீர்ப்புச் சொல்லி, விடிய விடிய தெர்மாகோலைச் செதுக்குவார். வியாசர்பாடி லேத் பட்டறைக்காரர் செய்த பூமி உருண்டை இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அதற்கு உள்ளே பேரிங் போட்டிருக்கிறார்.

எரிமலை இரவுக்கு வருவோம். கூடத்து நடுவே பழைய பேப்பர் விரிக்கப்படுகிறது. ஃபெவிகால், ஜிகினா, ஐஸ்கிரீம் குச்சி, பழைய ஷாம்பு பாட்டில். ஷாம்பு பாட்டிலுக்குள் சமையல் சோடா. மேலே வினிகரை ஊற்றினால் கரியமில வாயு பொங்கி நுரை தள்ளும். கேசரிப் பவுடர் கலந்துவிட்டால் அதுவே தீக்குழம்பு. இந்த ஞானமெல்லாம் யூடியூபில் இந்தியில் கிடைத்தது. அப்பாவுக்கு இந்தி தெரியாது, ஆனாலும் புரிந்துவிட்டது. பாப்பாவுக்கு ஒதுக்கப்பட்ட வேலை, ஜிகினா பறக்காமல் ஃபேன் சுவிட்சை அணைத்துவிட்டுத் தள்ளி நிற்பது.

"தொடாத கண்ணு, காயல."

"ப்பா, மலைக்கு நீலக் கலர் அடி."

"எரிமல நீலமா இருக்குமா? ப்ரவுனா இருக்கும்."

"நம்ம மலை கலர் கலரா இருக்கே?"

"அது மலை இல்ல பாப்பா, குப்ப."

"புகை வருதே?"

அப்பா பதில் சொல்லாமல் ஃபெவிகால் மூடியைத் தேட ஆரம்பித்துவிடுவார். பாப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. சென்னையின் குப்பைக்கு இரண்டே பெரிய கிடங்குகள், ஒன்று பெருங்குடி, இன்னொன்று எங்கள் கொடுங்கையூர். 1980களிலிருந்து வடசென்னை கழித்துப்போட்டதெல்லாம் இங்கே 250 ஏக்கருக்கு மேல் குவிந்து மேடாகி நிற்கிறது. வெயில் காலத்தில் சில தடவை தானாகவே தீப்பிடித்துப் புகையும். எங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து மாடியில் நின்று பார்த்த மலை அது ஒன்றுதான். வகுப்பில் மலை வரையச் சொன்னால் மூன்று முக்கோணமும் நடுவில் சிரிக்கும் சூரியனும் வரைய வேண்டும் என்பதை ட்யூஷன் அக்கா தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. மதிப்பெண் வாங்கிய எரிமலை வீட்டுக்குத் திரும்பி, ஒரு வருடம் லாஃப்டில் தூசி சேர்த்து, போகிக்கு முந்தின நாள் மாநகராட்சி வண்டியில் ஏறும். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் செய்த எரிமலைகளும் அப்படித்தான் ஏறுகின்றன. 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்று தெர்மாகோலில் எழுதிய பலகைகளும் கூடவே வரும். தெர்மாகோல் மக்காது, அந்த வாசகத்துக்கு ஆயுசு கெட்டி. இப்போது பயோமைனிங் என்று பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கிறார்கள். எத்தனை சூரியக் குடும்பங்கள் அகப்பட்டன என்று அந்த மெஷின்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் தாங்களே செய்து கற்கட்டும் என்ற யோசனை இந்த ஊருக்குப் புதிதல்ல. 2003இல் எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து 13 சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்கு இறங்கியது. பாட அட்டையை எடுப்பது, கற்றல் ஏணியில் படிப்படியாக ஏறுவது எல்லாம் பிள்ளைகளே. டீச்சரும் தரையில் உட்கார்ந்தார். சில வருடங்களில் அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதற்கும் முன்னால், 1790களில் எழும்பூர் அனாதைப் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் பிள்ளைகளை மணலில் விரலால் எழுதவைத்து, சட்டாம்பிள்ளைகளைக் கொண்டே பாடம் நடத்தி, அதை 'மெட்ராஸ் முறை' என்று சீமை வரைக்கும் கொண்டுபோனார். செலவு மணல் மட்டும். (இன்றைக்கு மணல் விற்கிற விலைக்குத் தெர்மாகோலே தேவலை.) இந்த யோசனையெல்லாம் ஃபீஸ் கட்டும் பள்ளிகளின் வாசலுக்கு வந்தபோதுதான் 'ப்ராஜெக்ட்' என்று பெயர் மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தது. அப்புறம் பிள்ளையின் கையிலிருந்து அப்பா கைக்கு மாற எவ்வளவு நேரமாகும்?

நீதிமன்றமும் முயன்று பார்த்தது. 2018 மே மாதம், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று நீதிபதி என். கிருபாகரன் உத்தரவிட்டார். புத்தகப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் அதிலேயே பேசப்பட்டது. நம் அப்பா அதைப் பேப்பரில் படித்துவிட்டுக் கொஞ்சம் வாடிப்போனார் என்றுதான் நினைக்கிறேன். நல்லவேளை, இவர்கள் மூன்றாம் வகுப்பு. எரிமலையைப் பைக்குள் வைக்க முடியாது என்பதால் எடைக் கணக்கிலும் வராது.

காலை எட்டரைக்கு மீனாம்பாள் சாலையில் நின்று பாருங்கள். பைக்கை ஓட்டுபவர் அப்பா. பின்னால் இரண்டு கையாலும் எரிமலையை ஏந்தி அம்மா. நடுவில் எங்கோ நசுங்கிப் பாப்பா. கன்டெய்னர் லாரி கடந்துபோகும் காற்றில் அம்மா மலையின் மேல் கவிழ்ந்து காப்பாற்றுவார். பாப்பாவின் வாட்டர் பாட்டில் விழுந்துவிடும். வண்டி நிற்காது.

ப்ராஜெக்ட் அப்பாவுக்கு ஜென்ம விரோதி ஒருவர் உண்டு. அவர் 'ரெடிமேட் அப்பா'. கடையில் செய்து வைத்த எரிமலையைப் பணம் கொடுத்து வாங்கி வருபவர். பள்ளி வாசலில் அவரைக் கண்டால் நம்மவருக்கு ரத்தம் கொதிக்கும். "காசு குட்த்து வாங்கினா கொழந்த இன்னாத்த கத்துக்கும் சார்? சொந்தமா செய்யணும்." இதைச் சொல்லும்போது அவர் விரலில் காய்ந்த ஃபெவிகால் உரிந்துகொண்டிருக்கும்.

சாயங்காலம் விசாரணை.

"மிஸ் இன்னா சொன்னாங்க?"

"வெரி குட் போட்டாங்க."

"ஸ்டார் போடலையா? பக்கத்து பெஞ்சு பொண்ணுக்கு?"

"தெரியல. அப்புறம், எரிமலை எப்படி வெடிக்கும்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க அப்பா வால்வத் தொறந்தா வெடிக்கும்னு சொன்னேன்."

அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் நம் அப்பா ஒட்டுவதிலும் வெட்டுவதிலும் மலர். 'வால்கேனோ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துக் கூட்டுவதில் அரும்பு. ஆனாலும் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் முழுதாக வரவில்லை. அவர் மூன்றாவது படித்தபோது வீட்டில் ஒரு சிலேட்டு இருந்தது; ஸ்கெட்ச் பென் செட் பக்கத்து வரிசைப் பையனிடம் இருந்தது. முப்பது வருடம் கழித்து முதல் தடவையாகப் பன்னிரண்டு கலரும் கைக்கு வந்திருக்கின்றன. அவ்வளவு சுலபமாகப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவாரா?

ஆகவே மிஸ்களுக்கு ஒரு விண்ணப்பம். மலையை வகுப்பிலேயே செய்ய விடுங்கள்; கோணலாக, நீலமாக, எப்படி வேண்டுமானாலும் வரட்டும். அப்பாக்களையும் கைவிட வேண்டாம். ஆண்டு விழாவில் பெற்றோருக்கு வழக்கமாக மியூசிக்கல் சேர் வைப்பீர்கள். இந்த வருடம் அதை விட்டுவிட்டு ஒரு ப்ராஜெக்ட் போட்டி வையுங்கள். தெர்மாகோல் அவர்களே கொண்டுவருவார்கள். முதல் பரிசு ஒரு ஸ்கெட்ச் பென் செட் போதும்.